ஆவிரைப் பட்டையும் தொடுதோலும்: தமிழகக் காலணி மூலப்பொருள்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் செருப்பு எத்தோலால், எப்பட்டையால், எவர் கையால் ஆயிற்று என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது. ஆவிரைப் பட்டை, குரோமிய உப்பு, ரப்பர் என மூலப்பொருள் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் தோல்தொழிலாளர்க்குத் தோலின்மீது இருந்த பிடி தளர்ந்தது. தோலைத் தொட்டதால் அவர்கள்மேல் ஏற்றப்பட்ட இழிவு அவ்வாறு தளரவில்லை. இலக்கியம், கல்வெட்டு, ஆங்கிலேய ஆட்சிக்கால நூல்கள், நீதிமன்றத் தீர்ப்பு, சட்டம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொடுதோல், ஆவிரை, தோல் பதனிடுதல், குரோமியம், கமலை, அருந்ததியர், பாலாறு.

முன்னுரை

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் சக்கிலியர் குறித்த பகுதியில் ஒரு சிறு செய்தி இடம்பெறுகிறது. அம்மக்கள் ஆவிரைச் செடியைப் பெரிதும் மதித்தனர் என்றும், திருமணத்திற்கு முன்னிகழ்வாக அச்செடியின் கிளையொன்றில் தாலி கட்டும் வழக்கம் அவர்களிடம் இருந்தது என்றும் அவர் எழுதுகிறார். தர்ஸ்டன் இதனை வினோதமான சடங்குகளுள் ஒன்றாகவே பதிவுசெய்கிறார், காரணம் கூறவில்லை. காரணம் தொழிலில் உள்ளது. புன்செய்க் காட்டிலும் தரிசிலும் பயிரிடுவாரின்றி வளரும் இச்செடியின் பட்டைதான் உரித்த தோலை அழுகாத தோலாக்கியது. உழவர்க்கு ஏர் எவ்வாறோ, தோல்தொழிலாளர்க்கு ஆவிரை அவ்வாறு.

காலணியின் வரலாற்றை அதன் வடிவத்தைக் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. சிற்பங்களில் காணும் மிதியடி, நாயக்கர் கால ஓவியங்களில் காணும் வளைமுனைச் செருப்பு, ஆங்கிலேயர் கொணர்ந்த பூட்சு என்னும் வரிசையில் அது செல்லும். மூலப்பொருளின் வழியே சென்றால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. தோல் யாருடையது, அதைப் பதப்படுத்தும் பொருள் எங்கிருந்து வந்தது, பதப்படுத்தியவர் அதை அணிய இயன்றதா என்னும் மூன்று வினாக்களையும் அவ்வரலாறு தவிர்க்க இயலாது. பழைய ஆவணங்கள் ‘சக்கிலியர்’ எனக் குறிக்கும் மக்களை, அச்சொல் வசையாகவும் வழங்குவதால், இக்கட்டுரை அருந்ததியர் என்றே குறிக்கிறது.

சொல்லில் உறையும் தோல்

சங்க இலக்கியத்தில் காலணிக்குச் செருப்பு, தொடுதோல், அரணம் ஆகிய சொற்கள் ஆளப்படுகின்றன. தொடுதல் என்பது இங்கு அணிதல் எனப் பொருள்படும். தொடுதோல் காலில் அணியும் தோல். பெரும்பாணாற்றுப்படையில் இருவகை மனிதர் காலணியோடு வருகின்றனர். ஒருவர் முல்லை நிலத்து இடையர். தொடுதோலை நெடுநாள் அணிந்ததால் அவருடைய பாதத்தில் வடு ஆழப் பதிந்திருக்கிறது. மற்றவர் சுங்கம் இறுக்கும் பெருவழியில் செல்லும் வணிகர். அவர் அணிந்தது அடியை மறைக்கும் அரணம். முன்னது வாரால் பிணைத்த திறந்த செருப்பு. பின்னது பாதத்தை மூடும் வகை. ஒரே நூலுக்குள் இரு வேறு தேவைக்கு இரு வேறு வடிவங்கள் சுட்டப்பெறுவது, தோல்வினை அக்காலத்தில் ஓரளவு பிரிந்து வளர்ந்திருந்தது என்று கருத இடமளிக்கிறது. புறநானூற்றின் 257ஆம் பாடல் ஒரு வீரனைப் பகைவர்க்குச் செருப்புக்கும் காலுக்கும் இடையே சிக்கிய பரற்கல்லாகக் காட்டுகிறது. செருப்பணிந்து நடந்து பழகியவர் நடுவில்தான் இவ்வுவமை எடுபடும்.

ஆயினும் அணிந்தவரைப் பேசும் பாடல்களைக் கொண்டு செய்தவரின் நிலையை அளத்தல் கூடாது. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் போரின் விரைவுக்கு உவமையாகக் காட்டுவது கட்டிலுக்குத் தோல்வார் பின்னுபவனின் கையிலுள்ள ஊசியை. அக்கைத்திறனை வியக்கும் புலவர், அவனை ‘இழிசினன்’ என்னும் சொல்லாலேயே குறிக்கிறார். வியப்பும் இழிப்பும் ஒரே அடியில் அமைந்திருப்பதைப் பழந்தமிழரின் தொழிற்சிறப்பை மட்டும் எடுத்துரைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுகின்றன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர் வரிசையில் துணி தைப்போரை அடுத்துத் தோல் தைப்போரை வைக்கிறது. அவர்கள் நகருக்குள் இருந்தனர் என்பது அதனால் தெளிவாகிறது.

தோலின் இடத்தில் மரம் வைத்த மரபொன்றும் உண்டு. துறவியரும் மடத்தலைவரும் அணிந்த பாதக்குறடு மரத்தாலானது. இறந்த விலங்கின் உடல் அதில் இல்லை. பரதன் அரியணையில் ஏற்றியதும், வேதாந்த தேசிகர் திருவரங்கத்து இறைவனின் பாதுகையைப் போற்றி வடமொழியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடியதும் பாதுகையின் பெருமைக்கே. தோற்செருப்புக்கு அத்தகைய இடம் கிடைத்தது கண்ணப்பர் வரலாற்றில் மட்டும் எனலாம். இலிங்கத்தின் மேலிருந்த மலர்களை அவர் செருப்புக் காலால் நீக்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கேட்பவர் அதிர வேண்டும் என்பதற்காகவே அந்நிகழ்ச்சி அங்கு நிற்கிறது. கருப்பசாமி போன்ற காவல் தெய்வங்களுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்தும் நாட்டார் வழக்கில் அத்தகைய அதிர்ச்சி ஏதுமில்லை. ஊர்க்காவலுக்குச் செல்லும் தெய்வத்துக்கு முள் தைக்கக் கூடாது என்னும் எளிய அக்கறையே உண்டு.

இன்று அரசு ஆவணங்களிலும் கடைப் பலகைகளிலும் ‘காலணி’ என்னும் சொல் நிலைத்துவிட்டது. தோலைச் சுட்டாத, மதிப்பான சொல் அது. கடை காலணியகம் ஆயிற்று. தைப்பவர் மட்டும் செருப்புத் தைப்பவராகவே நீடிக்கிறார்.

அணியும் உரிமை

கொங்குநாட்டின் கரூரில் கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட மன்னனின் ஆணையொன்று கல்வெட்டாக உள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் அது பதிப்பிக்கப்பட்டுள்ளது. வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை அவ்வாணை அளிக்கிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசலாம், வெளியே செல்லுமிடங்களுக்குச் செருப்பு அணிந்து செல்லலாம். தச்சர், கொல்லர், தட்டார் உள்ளிட்ட கம்மாளர் கோயிலையும் தேரையும் ஆக்கியோர். அவர்களே அரசாணை பெற்றுத்தான் செருப்பணிய முடிந்தது என்றால், ஆணை பெறாதோரின் நிலை வெளிப்படை. செருப்பைச் செய்தவர் இவ்வாணையில் இல்லை.

இவ்விலக்கு இடைக்காலத்தோடு முடியவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் ஆதிதிராவிடர்க்கு விதித்த எட்டுத் தடைகளை ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் குறித்த தம் நூலில் தருகிறார். பொன், வெள்ளி நகைகள் அணியக் கூடாது. ஆடவர் இடைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. மண்கலமன்றி வேறு கலம் வீட்டில் கூடாது என்று செல்லும் அப்பட்டியலின் இறுதியில் குடையும் செருப்பும் வருகின்றன. குடை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் தலையைக் காப்பது. செருப்பு முள்ளிலிருந்தும் சூட்டிலிருந்தும் காலைக் காப்பது. கருவேலமும் உடையும் நிறைந்த வறண்ட மாவட்டமொன்றில் வெறுங்காலோடு நடக்கச் செய்தல் அடையாள இழிவு மட்டுமன்று. உடலுக்கு விதித்த தண்டனையும் ஆகும்.

பட்டையும் தோலும்

உரித்த தோல் இரண்டு நாளில் நாறத் தொடங்கும். அதன் புரத இழைகளைத் துவர்ப்பொருள் (டானின்) பற்றிக்கொண்டால் நுண்ணுயிர் அதனைச் சிதைப்பது அரிதாகும். பதனிடுதலின் அடிப்படை இதுதான். ஆவிரைப் பட்டையில் இத்துவர்ப்பொருள் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை உண்டு. கொன்றைப் பட்டையும் கருவேலம் பட்டையும் பயன்பட்டன. எனினும் ஆவிரைக்கு இரண்டு தனிச்சிறப்புகள் இருந்தன. அது தோலுள் விரைந்து இறங்கியது. தோலை வெளிர்நிறமும் நெகிழ்வும் உடையதாக்கியது.

ஊரளவில் நடந்த பதனிடுமுறைக்குத் தொட்டியோ கட்டடமோ வேண்டியதில்லை. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் களைந்து, சதை வழித்து, கழுவிய தோலைப் பையாகத் தைத்து மரக்கிளையிலோ முக்காலியிலோ தொங்கவிடுவர். இடித்த பட்டையையும் நீரையும் அதனுள் நிரப்புவர். துவர்நீர் தோலின் நுண்துளை வழியே கசிந்து கீழேயுள்ள கலத்தில் சொட்டும். அதனை எடுத்து மீண்டும் மேலே ஊற்றுவர். சில நாள் சென்றபின் பையைத் தலைகீழாக்கி மறுமுனையையும் அவ்வாறே செய்வர். இத்தோல் எங்கும் ஒருசீராகப் பதமாவதில்லை. நாற்றமும் முற்றும் நீங்குவதில்லை. இருப்பினும் உழவுக்கு வேண்டிய வார், கமலைக்கு வேண்டிய தோல், எருமைத்தோல் அடியிட்ட கனத்த செருப்பு ஆகிய அனைத்தும் இதிலிருந்தே வந்தன.

இவ்வமைப்பில் பணம் குறைவாகவே புழங்கியது. ஊரில் இறந்த மாட்டை அப்புறப்படுத்துவது அருந்ததியரின் கடமையாகவும், அதன் தோல் அவர்களின் உரிமையாகவும் இருந்தது. தோற்பொருளை உழவர்க்குத் தந்து, அறுவடையின்போது களத்தில் தானியம் பெற்றனர். இதனைச் சமன்பட்ட கிராமப் பொருளாதாரம் என்று போற்றுவதற்கில்லை. கடமை மீறினால் அடி உண்டு. தானியத்தின் அளவை நிர்ணயித்தவர் உழவரே. ஆனால் ஒன்று உண்மை. தோல் தொழிலாளியின் கையில் இருந்தது. பட்டை ஊர்த் தரிசில் இருந்தது. வெளியாரிடம் வாங்க வேண்டிய மூலப்பொருள் பெரும்பாலும் ஏதுமில்லை.

கப்பலேறிய தோல்

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்த நிலை குலைந்தது. ஆவிரையால் பதனிட்டு இலண்டன் சந்தைக்குச் சென்ற சிறுமாட்டுத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ எனப் பெயர்பெற்றது. கிப் என்பது கன்றின் தோலுக்கும் முழு வளர்ச்சியுற்ற மாட்டின் தோலுக்கும் இடைப்பட்ட அளவுடையது. தென்னிந்திய மாடுகளின் சிறிய உருவம் உள்ளூரில் குறையாகப் பேசப்பட்டாலும், பூட்சின் மேற்பகுதிக்கு ஏற்ற மெல்லிய தோலை அதுவே தந்தது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான பதனிட்ட தோலின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தினுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு, பல்லாவரம் ஆகிய ஊர்களில் தோல் ஷாப்புகள் பெருகின. சாதி இந்துக்கள் முதலிடத் தயங்கிய இத்தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றனர். ஐரோப்பிய நிறுவனங்களும் பங்கு கொண்டன.

ஏற்றுமதித் தோலுக்கு உரிய செய்முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஆவிரையால் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவக்கும். எனவே பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்தபின் கடுக்காய் நீரில் ஊறவைத்து, எண்ணெய் ஏற்றி உலர்த்தினர். கடுக்காய் அச்சிவப்பைத் தடுத்து இளமஞ்சள் நிறத்தை நிலைநிறுத்தியது. காட்டிலிருந்து கடுக்காய், தரிசிலிருந்து ஆவிரை, எண்ணெய்க்குப் புங்கங்கொட்டை என ஒரு தோலுக்குள் மாகாணத்தின் வறண்ட நிலம் அனைத்தும் அடங்கியது என்றால் மிகையாகாது.

தோலுக்கு விலை ஏறியபோது ஊர் உறவு மாறியது. இறந்த மாட்டின் தோல் காசு தரும் பொருள் ஆனதும் அதனை உரிமையாக விட்டுக்கொடுக்க மாட்டுக்காரர் தயங்கினர். வணிகரின் முகவர்கள் சந்தைதோறும் தோல் வாங்கினர். ஊர்த்தொழிலாளிக்குத் தரமான தோல் கிடைப்பது அரிதாயிற்று. அவர் ஊரைவிட்டு நகர்ந்து தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் கூலியாளாக இறங்கினார். ஆங்கிலேய ஆட்சிக்காலக் கைத்தொழில்கள் அழிந்தன என்னும் பொதுக்கூற்றைத் தீர்த்தங்கர் ராய் தம் ‘குடியேற்றக்கால இந்தியப் பொருளாதாரத்தில் மரபுத்தொழில்’ குறித்த நூலில் (1999) மறுத்து, தோல்தொழில் அழியவில்லை, வணிகமயமாகி இடம்பெயர்ந்தது என்று காட்டுகிறார். இது ஏற்கத்தக்கதே. ஆனால் தொழில் பிழைத்தது என்பதும் தொழிலாளி தன் பொருளின்மேல் கொண்டிருந்த பிடி பிழைத்தது என்பதும் வெவ்வேறு. முன்னதைக் கணக்கேடுகள் காட்டும். பின்னதை அறிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் (2010) போன்ற ஆக்கங்களை நாட வேண்டியுள்ளது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் முன்பணக் கடனுக்குக் கட்டுண்டு சுண்ணாம்புக் குழியில் உழைத்தோரையும், அவர்கள் சங்கமாகத் திரண்டதையும் அந்நாவல் பேசுகிறது. புனைவைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் குழிக்குள் நின்ற காலுக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் கூறுவதில்லை.

முதலாம் உலகப்போர் இத்தேவையை உச்சத்துக்குக் கொண்டு சென்றது. பிரிட்டிஷ் படைவீரரின் பூட்சுக்கு மேல்தோலாகச் சென்னை கிப்புகள் வேண்டியிருந்தன. 1916 முதல் அவற்றை அரசே கொள்முதல் செய்தது. பட்டைக்கு நெருக்கடி ஏற்பட்டது. 1919இல் பதனிடாத தோலின் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டது. பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரு பங்கு தள்ளுபடி. போருக்குப் பின் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவிரையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. அதில் துவர்ப்பொருள் 30 விழுக்காட்டிற்கும் மேல். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அம்மரம் பின்னர்க் காடாகவே வளர்க்கப்பட்டது. மலைப் புல்வெளிகள் அதனால் சுருங்கியது தனி ஆய்வுக்குரியது. தரிசில் ஆவிரைப் பட்டை உரித்துக் கூடையில் சுமந்து விற்ற ஏழைகளுக்கு அவ்வருவாய் நின்றுபோயிற்று.

கமலைத் தோலும் குரோமியமும்

குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்கு அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை ஒரே கரைசலில் முடியும் முறையாக எளிமைப்படுத்தினார். பட்டையால் பல வாரம் எடுத்த வேலை இதில் ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்தது. தோல் நீலம் பாரித்து வெளிவந்தது; கொதிநீரையும் தாங்கியது.

சென்னையில் இம்முறையைப் புகுத்தியவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் ஆசிரியராக வந்து சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பேற்ற அவர், 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியவர். 1903இல் குரோமியச் சோதனையில் இறங்கியபோது அவர் மனத்தில் முதலில் இருந்தது பூட்சு அன்று, கமலை. கிணற்றுப் பாசனத்தில் சாலோடு பிணைத்த தோல் நாள் முழுதும் நனைந்தும் காய்ந்தும் விரைவில் மக்கியது. பட்டையால் அரைகுறையாகப் பதனிட்ட தோலிலிருந்து துவர்ப்பொருள் நீரில் கரைந்து வெளியேறும் என்பதே காரணம். உழவர் அதனை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. குரோமியத் தோல் நீரில் கரைந்து இழப்பதற்கு ஏதுமில்லை. விலை கூடுதலாயினும் பலமடங்கு நாள் உழைத்தது. அதே தோலில் செருப்பும் செய்து பார்த்தனர். மழையிலும் சேற்றிலும் கெட்டியாக நின்ற அச்செருப்பு விலைபோயிற்று.

மாகாணத்தின் தோல்தொழில் குறித்துத் தனிநூல் ஒன்றைச் சாட்டர்டன் 1904இல் வெளியிட்டார். ஊர்ப் பதனிடுமுறையின் குறைகளை அவர் கூர்ந்து கண்டார். ஆனால் அவர் கண்ட தீர்வு ஊருக்குள் நடைபெற இயலாதது. பைக்ரோமேட்டு உப்பு ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். சுழலும் உருளைகளும் வேதியியல் அளவீடும் வேண்டும். ஆகவே முதல் வேண்டும். ஊர்த்தொழிலாளிக்கு உதவும் என்று தொடங்கிய ஆய்வு அவரை விலக்கும் ஆலையில் போய் முடிந்தது. இதில் சாட்டர்டனின் நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. நுட்பத்தின் இயல்பே அவ்வாறிருந்தது.

அவருடைய முயற்சியை நிறுத்தியதும் தொழில்நுட்பக் குறை அன்று. அரசு தொழில் நடத்தித் தனியாரோடு போட்டியிடலாகாது என்று ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி 1910இல் அவ்வெதிர்ப்பை ஏற்று ஆணை அனுப்பினார். அரசின் குரோமியப் பதனிடுசாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. பல்லாவரம் அருகே தனியார் துறையில் குரோம் லெதர் கம்பெனி எழுந்தது. சென்னையின் குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அதன் எச்சம். நாள்தோறும் அவ்வழியே மின்ரயிலில் செல்வோரில் அப்பெயர் ஓர் உலோகத்தைக் குறிக்கிறது என்று அறிந்தோர் சிலரே.

விடுதலைக்குப் பின் 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1973இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடியொற்றி, முழுமை பெறாத தோலின் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு வரம்பு விதித்தது. அதன்பின் ஈஸ்ட் இந்தியா கிப் தன் பழைய இடத்தை இழந்தது. முடிவுற்ற குரோமியத் தோலும், ஆம்பூர், இராணிப்பேட்டை ஆலைகளில் பெண்கள் தைத்த ஷூவின் மேற்பகுதிகளும் கப்பலேறின.

ரப்பரும் ஆறும்

ஏற்றுமதிக்குத் தோல் சென்ற காலத்தில் ஊராரின் காலில் ரப்பர் ஏறியது. தேய்ந்த லாரி டயரை அறுத்து அடியாகவும் டியூபை வாராகவும் கொண்ட டயர் செருப்பு உழவர்க்கும் கூலியாளர்க்கும் ஏற்றதாயிற்று. அதைச் செய்தவர் பெரும்பாலும் பழைய செருப்புத் தொழிலாளரே. தோல் இல்லாவிடினும் உளியும் ஊசியும் அவர்களுக்குப் பயன்பட்டன. அடுத்து வந்த ஹவாய்ச் செருப்பு அதையும் பறித்தது. வார்ப்பில் பிறந்த அச்செருப்புக்குத் தையல் இல்லை. வார் அறுந்தால் சில காசுக்குப் புதிய வார் வாங்கி எவரும் மாட்டிக்கொள்ளலாம். அதுவும் இயலாதார் ஊக்கினால் பிணைத்து நடந்தனர். இறந்த விலங்கின் தொடர்பில்லாத இப்பொருளைத் தோலுக்குக் கூசியவரும் அணிந்தனர். களத்துமேட்டுத் தானியக் கூலி ஏற்கெனவே தேய்ந்திருந்தது. கமலையை மின்விசைப் பம்பு ஒழித்தது. செருப்பை ரப்பர் ஒழித்தது. தோல்வினையை இழந்த அருந்ததியருள் பலர் நகராட்சிகளின் துப்புரவுப் பணிக்குத் தள்ளப்பட்டனர்.

குரோமியத்தின் கணக்கு பாலாற்றில் எழுதப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட பதனிடுசாலைகள் இயங்கியதும், ஒரு கிலோ முடிவுற்ற தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவானதும், தோல்பகுதியின் விளைநிலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனதும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்திய நீதிமன்றங்கள் நிலைநாட்டிய முதன்மை வழக்குகளுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பட்டைக் காலத்திலும் தோல் ஷாப்பின் கழிவு ஆற்றில்தான் கலந்தது. உப்பும் சுண்ணாம்பும் அன்றும் இருந்தன. ஆகவே ஆவிரையைத் தூய்மையின் சின்னமாகவும் குரோமியத்தைக் கேட்டின் சின்னமாகவும் நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அளவும் வேகமும்தான் மாறின. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைச் சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிருந்த பதனிடுசாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலை தேடி வந்தோர். தோலுக்குரிய இடர் இப்போது வேறு மொழி பேசும் ஏழையின் தலையிலும் ஏறியிருந்தது.

மீண்டும் கால்

செருப்புச் செய்யும் தோல் அருந்ததியர் கையைவிட்டு நீங்கி நெடுநாளாயிற்று. கடையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வாங்கி அணிபவருக்கும் அதைச் செய்தவருக்கும் இடையே இன்று எந்த உறவும் இல்லை. எனினும் குறிப்பிட்ட தெருவை அடைந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் கட்டாயத்தை, தீண்டாமை குறித்த களஆய்வுகள் இந்த நூற்றாண்டிலும் தமிழகச் சிற்றூர்களில் பதிவுசெய்தன. தோல் தீட்டு என்பதால்தான் செருப்பு தீட்டாயிற்று என்று பொதுவாகக் கூறப்படும் விளக்கத்தை இது ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. கழற்றச் சொல்லப்படும் செருப்பில் தோலே இல்லை. மாறாக, மேல்சாதியார் அத்தெருவில் அணிந்து நடக்கும் விலையுயர்ந்த செருப்பு தோலாலானது. கரூர்க் கல்வெட்டிலும் 1930இன் தடைப் பட்டியலிலும் செருப்போடு சேர்ந்து நிற்பவை சங்கு, பேரிகை, வீட்டுச் சாந்து, குடை, நகை ஆகியன; அவற்றுள் எதுவும் விலங்கின் உடலால் தீட்டுப்பட்டதாக விலக்கப்படவில்லை.

பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் புதிதாகச் சேர்க்கப்பட்ட குற்றங்களுள், மிதிவண்டியோ மோட்டார் வண்டியோ ஓட்டுவதைத் தடுத்தல், திருமண ஊர்வலத்தைத் தடுத்தல் ஆகியவற்றோடு, பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுத்தலும் பெயர் சுட்டப்பட்டுள்ளது. அதற்குரிய தண்டனை ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறையும் தண்டத்தொகையும். காலணி எப்பொருளாலானது என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை.